துலாவும் சாலும்: சாஸ்திரியாரின் ஏற்றப்பாட்டும் நமது அன்றாட விசுவாசமும்

புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டத்தைச் சார்ந்த அரிமளத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் கண்டவர்கள், அது வானம் பார்த்த பூமி என்பதை அறிவர். கண்மாய் நிறைந்தால் வயல் உண்டு. நிறையாவிடில் கூலி வேலை தேடி வெளியூர் செல்ல வேண்டியதுதான். தைலமரக் காடுகள் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகின்றன என்னும் உழவர் முறையீடு அப்பகுதியில் பலமுறை எழுந்ததுண்டு. தண்ணீரைப்பற்றி அங்கே எவரும் உவமையாகப் பேசுவதில்லை.

இத்தகைய சிற்றூர் ஒன்றில், ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிய மாலை செபக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பாடப்பெற்ற கீர்த்தனைகளுள் இரண்டு தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றியவை. கூட்டத்தின் முடிவில் அவரைப்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு கேட்டனர். உழவர் நிறைந்த கூட்டமாதலின், சாஸ்திரியார் ‘ஞான ஏற்றப்பாட்டு’ என ஒரு நூலே செய்துள்ளார், ஏற்றம் இறைப்போர் பாடும் பாட்டில் நற்செய்தியை இணைத்தார் என்று சற்றுப் பெருமிதத்தோடு எடுத்துரைத்தோம். கடைசியில், திண்ணைக்குக் கீழே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “ஐயா, அந்தப் பாட்டுக் கட்டுனவரு ஏத்தம் எறச்சிருப்பாருங்களா?”

இல்லை என்றோம். அவர் சிரித்தார், வேறொன்றும் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போதும், அதன் பின்னரும், அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. இறையியல் கல்லூரிகளில் சாஸ்திரியாரைப் பாடமாகப் பயில்கிறோம். பண்பாட்டு இசைவாக்கத்திற்கு அவரை முதற் சான்றாகக் காட்டுகிறோம். ஆயின், அவருடைய பாட்டில் வரும் கிணற்றில் தண்ணீர் உண்டா, அத்தண்ணீரை இறைத்தவர் யார், குடித்தவர் யார் என்று நாம் கேட்டதில்லை. அதனைக் கேட்க முற்படுவதே இக்கட்டுரை.

அதற்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. நமது பிரசங்க மேடைகளில் ‘சமநிலையான விசுவாசம்’ என்னும் தொடர் அடிக்கடி கேட்கப்படுகின்றது. செபமும் வேலையும், வேதவாசிப்பும் சமூகப் பணியும், விண்ணக நம்பிக்கையும் மண்ணகக் கடமையும் சரியளவாக இருத்தல் வேண்டும் என்பது இதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. மளிகைக் கடைத் தராசை மனத்திற் கொண்டு பேசுகிறோம்: இரு தட்டும் நேராக நின்றால் போதும், முள் அசையாதிருந்தால் நிறைவு. மிகுதியாகச் செபிப்போரை நோக்கிச் ‘சற்று உலகத்தையும் பாருங்கள்’ என்கிறோம். நீதிக்காகக் குரலெழுப்புவோரை நோக்கிச் ‘சற்று செபத்தையும் கவனியுங்கள்’ என்கிறோம். இரு சாராரையும் பாதி வழியில் நிறுத்திவிட்டு, சமநிலை கண்டோம் என நிறைவடைகிறோம்.

தமிழில் ‘துலா’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று நிறைகோல், மற்றொன்று ஏற்றமரம். நிறைகோல் அசைவற்று நிற்பதே அதன் வெற்றி. ஏற்றமரமோ நின்றுவிட்டால் பயனற்றது. ஒருவர் மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்க, மரம் தாழ்ந்தும் உயர்ந்தும் வர, கீழே நிற்பவர் சாலை நீரில் அமிழ்த்தி, நிறைந்து மேலேறியதும் வாய்க்காலில் கவிழ்க்கிறார். அங்கும் சமநிலை உண்டு. ஆனால் அது தண்ணீர் மேலே வருவதற்காக. எடைக்கல் வேறில்லை; மிதிக்கும் மனிதனே எடைக்கல். கால் தவறினால் கிணற்றில் வீழ்வான். இவ்விரு துலாக்களில் எதனை நாம் விசுவாச வாழ்வுக்கு அளவாகக் கொள்கிறோம் என்பது சிறிய வினா அன்று.

இனிச் சாஸ்திரியாரிடம் வருவோம். 1774ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வேளாளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவனாயிருக்கும்போதே சுவார்ச் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டார். தரங்கம்பாடியில் ஜான் ஐயரிடம் பயின்றார். தஞ்சையில் ஆசிரியரானார். சுவார்ச்சின் அரவணைப்பில் வளர்ந்த மற்றொருவர் பின்னர் தஞ்சை மன்னராகிய இரண்டாம் சரபோஜி. இளமை தொட்டே ஏற்பட்ட இவ்வுறவு கவிஞருக்கு அரசவை ஆதரவைத் தந்தது. தம் தெய்வத்தைப் பாடுமாறு மன்னர் வேண்டியபோது, கிறிஸ்துவையன்றிப் பாடேன் என அவர் மறுத்ததாகவும், மன்னர் அதனைப் பெருந்தன்மையோடு ஏற்றதாகவும் மரபுவழிச் செய்தி வழங்குகிறது. 1864இல், ஏறத்தாழ தொண்ணூறு வயதில், மறைந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட இலக்கிய வடிவங்களை நோக்குங்கால் வியப்பு மேலிடுகின்றது. குறவஞ்சி, கும்மி, உலா, நொண்டி நாடகம், ஏற்றப்பாட்டு, தச்ச நாடகம் என, ஆலயத்திற்கு வெளியே, தெருவிலும் வயலிலும் மேடையிலும் வாழ்ந்த வடிவங்கள் யாவும் அவர் கைக்கு வந்தன. அக்காலத்து மிஷன் சபைகளில் பெரிதும் பாடப்பட்டவை செர்மானிய ஞானப்பாட்டுகளின் மொழிபெயர்ப்புகள். சொல் தமிழாயினும் நடை தமிழன்று, இராகமும் தமிழன்று. அவற்றினிடையே ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் வருகை எத்தகைய விடுதலையாய் இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அரசரும் தெய்வங்களும் பவனி வந்த தெருவில் கிறிஸ்து பவனி வருகிறார்; காதல் கொண்ட தலைவியாகத் திருச்சபை தோன்றுகிறது; குறிசொல்லும் குறத்தி விசுவாசத்தின் குரலாகிறாள்; வலை விரிக்கும் குறவர் நற்செய்திப் பணியாளராகின்றனர். இடையே வானநூலும் பூகோளமும் புகுகின்றன. ஐரோப்பிய விஞ்ஞானம் கற்ற தமிழ்ப் புலவர், கற்றதனைத்தையும் பாட்டிற்குள் வைத்துவிட வேண்டும் என்னும் ஆர்வத்தால் சில இடங்களில் பாட்டைப் பள்ளிக்கூடமாக்கி விடுகிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்குறை பொறுக்கத்தக்கதே.

‘ஞானத்தச்ச நாடகம்’ நம் பார்வையில் இன்னும் ஆழமானது. படைப்பையும் மீட்பையும் ஒரு தச்சனுடைய கட்டுமானப் பணியாக அது காண்கிறது. நாசரேத்துத் தச்சர் வீட்டில் வளர்ந்தவரைப்பற்றிப் பேசும்போது, தச்சுத் தொழில் வெறும் உவமை அன்று; அவர் செய்த தொழிலே அது. உளியும் மரமும் அங்கே தம் இயல்பை இழக்கவில்லை. மெய்யான கைவேலையைப் பாடியே இறையியல் சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று.

ஏற்றப்பாட்டில் இது நிகழ்ந்ததா? இங்குதான் நமக்கு ஐயம் எழுகின்றது. ‘ஞான’ என்னும் முன்னொட்டைக் கவனிக்க வேண்டும். ஞான ஏற்றம், ஞானக் கும்மி, ஞான உலா, ஞான நொண்டி. ஒரு தொழிலின்முன் இச்சொல் வந்து நின்றவுடன், அத்தொழில் விண்ணகப் பொருளொன்றின் அடையாளமாக உயர்த்தப்படுகின்றது. உயர்த்தப்பட்ட கணமே மண்ணிலிருந்து நழுவியும் விடுகின்றது. ஏற்றம் ஞான ஏற்றமானதும் கிணறு கண்ணுக்குத் தெரிவதில்லை. மிதிப்பவனின் கால் கொப்புளமும், சால் கவிழ்ப்பவனின் முதுகு வலியும், விடியுமுன் எழுந்து எண்ணிய சால்களுக்குக் கிடைத்த கூலியும் பாட்டுக்குள் வருவதில்லை. உழைப்பவனின் மெட்டு வந்துவிட்டது, உழைப்பவன் வரவில்லை.

‘ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை’ என்பது பழமொழி. கம்பரைப்பற்றி வழங்கும் கதையொன்றும் உண்டு. ஏற்றக்காரன் ஒருவன் பாடிய அடியைக் கேட்ட கவிச்சக்கரவர்த்தி, அடுத்த அடி எவ்வாறு வரும் என எண்ணி எண்ணிப் பார்த்தும் காணமாட்டாராய், மறுநாள் அவன் வந்து பாடுமளவும் காத்திருந்தாராம். கதை மெய்யோ பொய்யோ, அதில் ஓர் ஒழுங்கு உண்டு: கற்ற புலவர் கல்லாத உழைப்பாளியிடம் காத்திருக்கிறார். கிறிஸ்தவத் தமிழ் இலக்கியத்தில் இந்தக் காத்திருத்தல் அரிதாகவே நிகழ்ந்தது. வடிவத்தை எடுத்துக்கொண்டோம், பொருளை நாமே நிரப்பினோம்.

எனினும், இந்தக் குறையைச் சொல்லும்போதே சாஸ்திரியாரின் பெருமையையும் வேறொருவரோடு ஒப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூல்வடிவம் பெற்றது. பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய இக்காப்பியத்தின் செய்யுள் நலத்தை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆனால் அதன் அடிப்படை அசைவு என்ன? அழிவுக்குரிய ஊரை விட்டு ஒருவன் ஓடுகிறான். விசுவாசம் என்பது புறப்பாடு. வீடு, தொழில், சந்தை யாவும் கடந்து செல்ல வேண்டிய இடங்கள். நம் சபைகளின் இரட்சிப்பைப்பற்றிய கற்பனையில் இவ்வசைவு எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதை அடக்க ஆராதனைகளில் பாடப்படும் பாடல்களைக் கேட்போர் அறிவர். சாஸ்திரியாரின் அசைவு இதற்கு மாறானது. அவருடைய கிறிஸ்து தெருவுக்கு வருகிறார், வயலுக்கு வருகிறார், கும்மியடிக்கும் பெண்களின் நடுவே வருகிறார். ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. அன்றாட வாழ்வே விசுவாசத்தின் களம் என்பதைத் தமிழ் நற்செய்திக் கிறிஸ்தவத்தில் பாட்டாக்கியவருள் அவர் முதன்மையானவர்.

ஆனால் எந்த ஊர்? ஊர் என்றால் ஊரும் சேரியும் என்பதே நம் நாட்டின் நடைமுறை. கிறிஸ்து ஊருக்குள் வரும்போது ஊரின் ஒழுங்கும் அவரோடு ஆலயத்திற்குள் வருமா?

இக்கேள்வி தஞ்சையில் 1820களில் வெடித்தது. பழைய லுத்தரன் மிஷனரிமார் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொண்டிருந்தனர். வேளாளக் கிறிஸ்தவர் ஒருபுறமும், அன்று தீண்டாதார் எனப்பட்ட கிறிஸ்தவர் மறுபுறமும் ஆலயத்தில் அமர்ந்தனர். திருவிருந்திலும் முன், பின் என்னும் வரிசை இருந்தது. புதிய தலைமுறை மிஷனரிமார் இதனை ஒழிக்க முனைந்தனர். அத்துடன் நிற்கவில்லை. விழாக்களில் மலர் சூடுதலைத் தடுத்தனர். தமிழ் இசையைக் குறைக்க முயன்றனர். பப்ரீசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பில் மக்கள் நெஞ்சிற் பதிந்த வேதவசனங்களை ரேனியுஸ் ஐயரின் திருத்தத்தால் மாற்றினர். இந்நான்கையும் ஒரே கொடுமையின் நான்கு கைகளாகக் கண்டார் சாஸ்திரியார். எதிர்த்து எழுதினார். விளைவாக, 1829இல் மிஷன் பணியிலிருந்து விலக்கப்பட்டார். சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார்.

அவருடைய வாதத்தின் சாரத்தைத் திரட்டிச் சொல்வதாயின்: சாதி என்பது உலக மரியாதை, இரட்சிப்போடு அதற்குத் தொடர்பில்லை, ஐரோப்பியரிடையேயும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்னும் வேறுபாடு உண்டு, அதனை அவர்கள் விட்டார்களா? இவ்வாதத்தின் கடைசிப் பகுதியில் உண்மை இல்லாமலில்லை. நாற்காலியில் அமர்ந்து உணவருந்தி, வேலையாட்களை வாசலில் நிறுத்தியவர்கள் பாயில் அமர்ந்தவர்களுக்குச் சமத்துவம் போதித்தபோது, அது கட்டளையாகவே ஒலித்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபையில் உடனடியாகவும் அறவேயும் ஒழிக்கப்பட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். கட்டளையின் உள்ளடக்கம் நற்செய்திக்கு இயைந்ததே. ஆனால் அதனால் விடுதலை பெற வேண்டியோரிடம் எவரேனும் கேட்டனரா? இருதரப்பு ஏடுகளிலும் பிறர் அவர்களைப்பற்றிப் பேசுகின்றனர்; அவர்கள் பேசுவது நம் காதுக்கு எட்டவில்லை. தஞ்சையில் பிரிந்து சென்றோருள் ஒரு பகுதியினர் பின்னர், சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனைச் சேர்ந்தனர். அம்மிஷனின் பணி புதுக்கோட்டையிலும் வேரூன்றியது. ஆகவே நாம் பேசுவது தஞ்சையில் முடிந்துபோன பழங்கதையன்று. அரிமளத் திண்ணை வரை அதன் கிளை நீள்கிறது.

சாஸ்திரியாரை விதந்து எழுதுவோர் இப்பகுதியைக் ‘காலத்தின் குறை’ என ஒரு வரியில் கடந்து செல்வது வழக்கம். அவரைக் கண்டிப்போர் இப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர். இரண்டும் எளிய வழிகள். நம் கருத்து வேறு. அவருடைய வலிமையும் வழுவும் ஒரே வேரிலிருந்து எழுந்தவை. அன்றாட வாழ்வை அப்படியே உள்ளன்போடு ஏற்றுக்கொண்டமையால் தான் அவர் பாட்டுகள் மண் மணக்கின்றன. அதே ஏற்றுக்கொள்ளுதலால் தான் அந்த வாழ்வின் கொடுமையை அவரால் காண முடியவில்லை. மிஷனரிமாரோ கொடுமையைக் கண்டனர்; ஆனால் வாழ்வைக் காணவில்லை. மலரையும் சாதியையும், இராகத்தையும் தீட்டையும் ஒரே குப்பையில் எறிந்தனர். ஒரே விசுவாசத்தின் இரு பாதிகளை இரு தரப்பாரும் பகிர்ந்துகொண்டு போரிட்டனர் எனலாம். இவ்விரு பாதிகளையும் தராசில் வைத்து, ‘கொஞ்சம் மலரும் கொஞ்சம் சமத்துவமும்’ என நடுநிலை காண்பது தீர்வாகாது. பாதிச் சாதி என்று ஒன்றில்லை.

திருமறையில் பவுலடியார் இத்தகைய சிக்கலைச் சந்தித்த விதம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. கொரிந்துச் சபையில் சந்தையில் விற்கும் இறைச்சியைப்பற்றி வினா எழுந்தபோது அவர் மிகவும் விட்டுக்கொடுக்கிறார். உண்ணலாம், ஆனால் எளிய சகோதரன் இடறுவானாயின் தாம் உண்ணாதிருக்கவும் ஆயத்தம் என்கிறார். உணவு, நாள், பழக்கம் ஆகியவற்றில் அவர் கண்டிப்புக் காட்டுவதில்லை. ஆனால் அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்து, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் விலகியபோது, அதே பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை நேருக்கு நேர் எதிர்க்கிறார். அங்கும் பொருள் உணவுதான். ஆயினும் இங்கே பந்தி பிரிகிறது, மனிதன் விலக்கப்படுகிறான். யாக்கோபு நிருபமும் பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையைக் கடிந்துகொள்கிறது. இருக்கை வரிசை அவருக்கு உலக மரியாதையாகத் தோன்றவில்லை. இவ்வளவையும் நோக்குமிடத்து, மலரிலும் இராகத்திலும் சாஸ்திரியார் பக்கமும், பாயிலும் பந்தியிலும் மிஷனரிமார் பக்கமும் நிற்பது நடுநிலையன்று என்பது விளங்கும். ஒரே அளவுகோல்தான் இரண்டிடத்தும் செயல்படுகிறது: சபையில் கடைசியில் அமர்ந்திருப்பவன் உள்ளே வருகிறானா, வெளியேறுகிறானா என்பதே அது.

நம் காலத்திற்கு அண்மையில் இந்த அளவுகோலைப் பாட்டில் கையாண்டவர் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என அன்போடு அழைக்கப்பட்டவர், 2005இல் மறைந்தார். கருநாடக இசைக் கீர்த்தனை மரபு மேற்சாதியாரின் சுவையைச் சபை முழுமைக்கும் சுமத்திற்று என்று அவர் வாதிட்டார். கிராமிய மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டையே இயற்றினார். ‘ஒரே உலை’ என்பது அவருடைய இறையியலின் உயிர்நாடி: ஓர் அடுப்பில், ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் குடும்பமே திருச்சபை. சாஸ்திரியார் கிணற்றடிக்கு வந்தார் என்றால், அப்பாவு அடுப்படிக்கு வந்தார். ‘ஞான உலை’ என அவர் பெயரிடவில்லை என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது. உலை உலையாகவே இருக்கிறது. அரிசி வேண்டும், விறகு வேண்டும், அருகருகே அமர வேண்டும்.

எனினும் அப்பாவுவின் தீர்ப்பை முழுமையாக ஏற்க நமக்கு ஒரு தடை உண்டு. கீர்த்தனைகள் இன்று எவருடையவை? அரிமளப் பகுதித் திண்ணையில் சாஸ்திரியாரைப் பாடிய பெண்கள் தாளத்தைத் தம் கைத்தட்டலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர், கமகங்களை உதிர்த்துவிட்டனர், நாற்று நடும்போது பாடும் இழுவை அதில் ஏறியிருந்தது. சங்கீத வித்துவான் கேட்டால் முகம் சுளிப்பார். ஏற்றப்பாட்டைப் புலவர் எடுத்துச் சென்றார். இருநூறு ஆண்டுகட்குப்பின் புலவரின் பாட்டை உழைப்போர் தம்மிடம் எடுத்துக்கொண்டனர். ஒரு நூலின் பொருள் ஆசிரியரோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நாம் கண்டதில்லை.

பாட்டு கடந்துவிட்டது. பந்தி கடந்ததா? அந்த மாலையில் நடந்த மற்றொன்றையும் இங்கு மறைப்பதற்கில்லை. கூட்டம் முடிந்ததும் தேநீர் வந்தது. நமக்கும் வீட்டார்க்கும் உறவினர்க்கும் எவர்சில்வர் தம்ளர். திண்ணைக்குக் கீழே இருந்த முதியவருக்கும் அவருடன் வந்த இருவருக்கும் காகிதக் குவளை. எவரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டார் இனியவர்கள், முதியவரை ‘வாங்க’ என்றுதான் அழைத்தனர். தம்ளர் போதாமல் இருந்திருக்கலாம். நாமும் அவ்வாறே எண்ணிக் குடித்தோம். பாதி வழியில்தான், திண்ணையில் நம்மருகே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த மூன்று தம்ளர்கள் நினைவுக்கு வந்தன. முன்னொரு காலத்தில் இரட்டைக் குவளை முறையைத் தேநீர்க் கடையில் கண்டு கண்டித்து எழுதியவர்கள் நாம். காகிதக் குவளையில் அதனைக் காண நம் கண் பழகியிருக்கவில்லை.

இதைச் சிறிய செய்தி என ஒதுக்குவோர், 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது தெரியவந்ததை மறந்திருக்க மாட்டார்கள். குவளையும் தொட்டியும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் இருப்பது தண்ணீரே. நம் திருவிருந்துப் பந்தியிலும் 2020ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக்குப்பின் பொதுக்கிண்ணத்தை விட்டுத் தனிக்கிண்ணத்திற்கு மாறிய சபைகள் உண்டு. நோய்த்தடுப்பு நியாயமான காரணம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘தூய்மை’ என்னும் சொல் நம் சபைகளில் எத்தனை வேலைகளைச் செய்து வந்துள்ளது என்பதை அறிந்தவர்கள், அச்சொல்லைக் கையாளும்போது சற்று நிதானிப்பது நலம்.

அன்றாட வாழ்வில் விசுவாசம் என்றதும், நம் மாணவர்கள் எழுதும் பிரசங்கங்களில் அலுவலக நேர்மை, குடும்ப செபம், அண்டை அயலாரிடம் கனிவு ஆகியவை தவறாது வருகின்றன. நல்லவையே. வராதவை எவை என்று பார்த்தால், யார் வீட்டில் யார் உண்பது, பிள்ளைகளுக்கு எங்கே பெண் பார்ப்பது, கல்லறையில் எந்தப் பக்கம் குழி வெட்டுவது என்பவையே. சாதியும் சான்றிதழும் பற்றிய பேச்சும் வருவதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானால் பட்டியலினச் சலுகை இல்லை. ஆகவே ஞாயிறன்று ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் மற்றொரு பெயருமாக வாழும் விசுவாசிகளை நாம் ‘இருமனமுள்ளோர்’ எனக் கடிந்துகொள்கிறோம். அவர்களுடைய துலாவின் மறுமுனையில் எவ்வளவு கனம் தொங்குகிறது என்பதை மேடையிலிருந்து காண இயலாது. சாஸ்திரியாருக்கு அவர் காலத்தில் காண இயலாதிருந்ததைச் சுட்டும் நாம், நம் காலத்தில் நாம் காணாதவற்றின் பட்டியலை இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

மாதம் ஒன்று கழிந்தபின் அவ்வூருக்கு மீண்டும் சென்றோம். முதியவரைத் தேடி, இம்முறை அவருடைய வீட்டிற்கே சென்றோம். சாஸ்திரியாரின் நூலை எடுத்துச் சென்றிருந்தோம். அவர் அதனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். எழுத்துக் கூட்டத் தெரியாது என்றார். மாறாக, இளமையில் தாம் பாடிய ஏற்றப்பாட்டில் நினைவிலிருந்த சிலவற்றைப் பாடினார். பிள்ளையாரில் தொடங்கி, மழையைக் கேட்டு, நடுவில் பண்ணையாரை நயமாகக் கேலி செய்து, சால் எண்ணிக்கையில் போய் முடிந்தது. நூறு சாலுக்கு ஒருமுறை மேலே மிதிப்பவர் கீழே இறங்க, கீழே இருப்பவர் மேலே ஏறுவாராம்.

“தண்ணி தவிச்சா?” என்று கேட்டோம்.

“கெணறு அவுகளுது. நாங்க எறச்ச தண்ணிதான், ஆனா சாலத் தொட்டுக் குடிக்கப்படாது. வாய்க்காலுல ஓடுறத அள்ளிக் குடிக்கலாம். இல்லன்னா அவுக வீட்டு ஆளு யாராச்சும் ஒசரத்துல இருந்து கையில ஊத்துவாக” என்று சொல்லி, இரு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார்.

திருவிருந்தில் அப்பத்தைப் பெறுவதற்கு நம் சபையார் கைகளைக் குவிப்பதும் அவ்வாறே. அவர் மனைவி உள்ளிருந்து தேநீர் கொண்டுவந்தார். நான்கு தம்ளர்கள், ஒன்று சற்று நெளிந்திருந்தது. அதனை அவர் தமக்கென எடுக்கப் போனார், நாம் முந்திக்கொண்டோம். அவர் மீண்டும் சிரித்தார்.